பார்மட் செய்யாமலே ஆட்வேரை நீக்கும் முறை

கணினியைத் திறந்ததுமே திரையின் வலது கீழ் மூலையில் சூதாட்ட விளம்பரங்கள் எழும்புவதும், கூகுளில் தேடினால் பெயர் தெரியாத வேறொரு தேடுதளம் வந்து நிற்பதும், எந்த இணைப்பைச் சொடுக்கினாலும் கூடவே இன்னொரு பக்கம் திறந்துகொள்வதும், விளம்பரங்களைத் திணிக்கும் மென்பொருளான ஆட்வேர் புகுந்ததற்கான அடையாளங்கள். கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி நேரு வீதிப் பக்கமோ இத்தகைய கணினியைப் பழுது பார்க்கக் கொடுத்தால், "பார்மட் போட்டுடலாம் சார்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. வட்டில் உள்ளதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதுதான் பார்மட். அதில் பல ஆண்டுகளாகச் சேர்த்த குடும்பப் படங்களும் சான்றிதழ்களின் ஸ்கேன் நகல்களும் போய்விடக்கூடும் என்பது ஒரு புறம் இருக்க, பார்மட் செய்த பிறகும் அதே ஆட்வேர் திரும்பி வருவதுண்டு. ஆட்வேர் பெரும்பாலும் வைரஸைப் போலத் தானாகத் தொற்றுவதில்லை. நாம் எப்போதோ யோசிக்காமல் அழுத்திய ஓர் அனுமதியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருக்கிறது. அந்த அனுமதி எங்கெங்கே பதிவாகியிருக்கிறதோ அங்கெல்லாம் சென்று அதைத் திரும்பப் பெறுவதே உண்மையான சிகிச்சை. ஸ்கேன் செய்வதும் ரீசெட் செய்வதும் அதற்குப் பிறகு வரவேண்டியவை.

நம் பகுதியில் அந்த அனுமதி பெரும்பாலும் விண்ணப்பக் காலத்தில்தான் கொடுக்கப்படுகிறது. புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பமோ டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமோ நிரப்பும்போது, புகைப்படத்தையும் கையொப்பத்தையும் குறிப்பிட்ட கேபி அளவுக்குள் சுருக்கிப் பதிவேற்ற வேண்டியிருக்கும். கடைசி நாளின் அவசரத்தில், படத்தைச் சுருக்கித் தரும் இலவச மென்பொருளைத் தேடிச் செல்பவருக்கு, ஒரே பக்கத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக மூன்று டவுன்லோடு பொத்தான்கள் தெரிகின்றன. மூன்றும் விளம்பரங்கள், உண்மையான இணைப்போ அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. சரியான கோப்பையே இறக்கினாலும், நிறுவும்போது வரும் பெட்டியில் ஏற்கெனவே டிக் செய்யப்பட்ட ஒரு கட்டம் இருக்கும். வேறொரு டூல்பாரையோ தேடுதளத்தையோ சேர்த்து நிறுவ நாம் சம்மதிப்பதாக அதன் பொருள். 'எக்ஸ்பிரஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கட்டம் கண்ணுக்கே தெரியாது. 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் தெரியும். தமிழ் எழுத்துருக்களையும் பிடிஎப் மாற்றிகளையும் கண்ட கண்ட தளங்களிலிருந்து இறக்கும் டிடிபி கடைகளின் கணினிகளிலும் இதே கதைதான்.

வேலையைத் தொடங்கும் முன், படங்களையும் ஆவணங்களையும் மட்டும் ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். டவுன்லோட்ஸ் போல்டரில் கிடக்கும் நிறுவல் கோப்புகளை எடுக்க வேண்டாம். சுத்தம் செய்து முடிக்கும்வரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதிருங்கள். இதை வெறும் விளம்பரத் தொல்லை என்று எண்ணுவது சரியல்ல. 2014-15ஆம் ஆண்டுகளில் லெனோவோவின் சில மடிக்கணினிகளில் விற்பனைக்கு முன்பே நிறுவப்பட்டிருந்த சூப்பர்பிஷ் என்ற ஆட்வேர், விளம்பரம் காட்டுவதற்காகவே தன் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினிக்குள் பதித்து, பூட்டுக் குறியிட்ட வங்கித் தளங்களின் தொடர்பையும் இடையில் பிரித்துப் படிக்க வழிசெய்திருந்தது.

முதலில் பார்க்க வேண்டிய இடம் நோட்டிபிகேஷன். திரையின் மூலையில் எழும்பும் அறிவிப்பை மூடிவிடாமல் ஒரு கணம் கூர்ந்து பாருங்கள். "உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள் உள்ளன" என்று சிவப்பு எழுத்தில் மிரட்டினாலும், ஏதோ ஓர் ஆன்ட்டிவைரஸ் நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டிருந்தாலும், அந்தப் பெட்டியின் ஓரத்தில் மங்கிய சிறு எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், அதனோடு ஓர் இணையதளத்தின் முகவரியும் இருக்கும். அப்படி இருந்தால் அது ஆன்ட்டிவைரஸிடமிருந்து வந்த எச்சரிக்கை அல்ல. அந்த இணையதளம் அனுப்பிய விளம்பரம். படம் பார்க்கவோ கோப்பை இறக்கவோ சென்ற ஏதோ ஒரு பக்கம், "நீங்கள் ரோபோ அல்ல என்று உறுதிசெய்ய அலோவ் என்பதை அழுத்துங்கள்" என்று சொல்லியிருக்கும், நாமும் அழுத்தியிருப்போம். குரோமில் மேல் வலப்புறத்தில் உள்ள மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்ற வரிசையில் சென்றால், அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். உங்களுக்கு அறிமுகமில்லாத ஒவ்வொரு முகவரியையும் நீக்குங்கள், அல்லது பிளாக் செய்யுங்கள். எட்ஜிலும் பயர்பாக்ஸிலும் இதே பட்டியல் உண்டு. எல்லா பிரவுசர்களிலும் பார்த்துவிட வேண்டும். என் அனுபவத்தில், ஆட்வேர் என்று கொண்டுவரப்படும் கணினிகளில் கணிசமானவை இந்த ஒரு படியிலேயே அமைதியாகிவிடுகின்றன. அதில் பார்மட் செய்ய ஒன்றுமே இருப்பதில்லை. அந்த அறிவிப்பில் தொலைபேசி எண் ஏதும் கொடுக்கப்பட்டிருந்தால் அதை எக்காரணம் கொண்டும் அழைக்காதீர்கள்.

அடுத்தது எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசருக்குள் கூடுதலாகச் சேர்க்கப்படும் சிறு நிரல்கள். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொன்றையும் நீங்களே தேர்ந்து நிறுவினீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை உறுதியாகத் தெரியாதவற்றை ரிமூவ் செய்துவிடலாம்; தேவையென்றால் பிறகு மீண்டும் நிறுவிக்கொள்ள முடியும். பழகிய பெயர் என்பதால் மட்டும் ஒன்றை விட்டுவைக்க வேண்டாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனைப் பல லட்சம் பேர் நம்பிப் பயன்படுத்தி வந்தனர்; 2020இல் அது வேறு கைக்கு மாறியது; அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை முடக்கியது. நிறுவியபோது நல்லதாக இருந்தது இன்று வேறொருவர் கையில் இருக்கலாம். ஆகவே, "எல்லா இணையதளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்" அனுமதி பெற்றிருக்கும் எக்ஸ்டென்ஷன்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

மூன்றாவதாக, கணினியில் நிறுவப்பட்ட மென்பொருள்கள். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் எனச் சென்று, பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை எந்த வாரத்தில் தொடங்கியது என்று வீட்டில் உள்ளவர்களைக் கேட்டு, அந்த நாள்களில் வந்தவற்றைப் பாருங்கள். ஒரே நாளில் மூன்று நான்கு பெயர்கள் வரிசையாக இருந்தால், ஒன்றோடு ஒன்றாகச் சேர்ந்து வந்த கூட்டம் அதுதான். அன்இன்ஸ்டால் செய்யும்போதும் சில மென்பொருள்கள் "இதை வைத்துக்கொள்ளவா?" என்ற கேள்வியைக் குழப்பமாகக் கேட்டு, பெரிய பொத்தானில் 'வைத்துக்கொள்' என்பதை எழுதியிருக்கும்; நிதானமாகப் படித்து அழுத்துங்கள். டிரைவர், ரன்டைம் போன்ற பெயர்களைப் பார்த்து அவசரப்பட்டு நீக்கிவிட வேண்டாம். பெயரில் ஐயம் இருந்தால் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் பாருங்கள். மேக் கணினியில் அப்ளிகேஷன்ஸ் போல்டரையும், லாகின் ஐட்டம்ஸையும், சபாரியின் எக்ஸ்டென்ஷன்களையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் தேடுதளம் மாறிக்கொண்டே இருந்தால், அனுமதி இன்னும் ஆழத்தில் பதிந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அலுவலகம் கொடுத்த கணினியில் அது இயல்பு. வீட்டுக் கணினியில் இருந்தால், ஆட்வேர் தன்னை ஒரு நிர்வாகியாகக் காட்டிக்கொண்டு, பாலிசி எனப்படும் நிர்வாக விதியின் மூலம் நீக்க முடியாதபடி எக்ஸ்டென்ஷனைத் திணித்திருக்க வாய்ப்புண்டு. (சில ஆன்ட்டிவைரஸ்களும் அந்த வரியைக் கொண்டுவரும் என்பதால், பார்த்தவுடனே முடிவுகட்ட வேண்டாம்.) பின்னர் டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசரின் ஷார்ட்கட்டை வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டார்கெட் என்ற வரியைக் கடைசிவரை நகர்த்திப் படியுங்கள், அதன் இறுதியில் ஏதோ ஓர் இணையதள முகவரி ஒட்டியிருந்தால், அந்தப் பகுதியை மட்டும் அழித்துவிடுங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸில் பிராக்ஸி (இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் அமைப்பு) என்ற பக்கத்தில், நீங்கள் வைக்காத பிராக்ஸி முகவரியோ செட்டப் ஸ்கிரிப்டோ இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். கணினியோடு சேர்ந்து தொடங்குபவற்றைக் காட்டும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பகுதியும், குறித்த நேரத்தில் பணிகளைத் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரும் பார்க்க வேண்டிய மிச்சம். நீக்கிய பொருள் மறுநாள் காலையில் திரும்பி வருகிறது என்றால், பொருளற்ற எழுத்துக்கோவையைப் பெயராகக் கொண்ட ஒரு பணி, மணிக்கொரு முறை அதை மீண்டும் இறக்கும்படி ஷெட்யூலரில் காத்திருப்பதே பெரும்பாலும் காரணம். ஐயத்துக்குரிய பணியை உடனே அழிக்காமல் முதலில் டிசேபிள் செய்து, ஓரிரு நாள் பொறுத்திருந்து, எதுவும் கெடவில்லை என்று உறுதியானபின் நீக்குவதே பாதுகாப்பு.

இனி ஸ்கேன். மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016இல் தன்னுடன் இணைத்துக்கொண்ட அட்வ்கிளீனர் என்ற இலவசக் கருவி இதற்கென்றே செய்யப்பட்டது. அதை நிறுவவே தேவையில்லை, இறக்கி நேரடியாக இயக்கலாம். மேலே சொன்ன குரோம் பாலிசியையும் பிராக்ஸியையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வசதி அதன் செட்டிங்ஸிலேயே இருப்பதால், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கத் தயங்குபவர்களுக்கு அதுவே நல்ல வழி. தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பிலிருந்து இறக்காமல், அந்நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். கருவியின் பெயரிலேயே போலிகள் உலவுகின்றன. அதன் பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதன் கீழ், மைக்ரோசாப்ட் டிபெண்டர் ஆப்லைன் ஸ்கேனை ஒருமுறை இயக்குங்கள். கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே சுமார் 15 நிமிடங்கள் தேடும் என்பதால், பருவமழைக் காலத்தில் மின்சாரம் வந்து வந்து போகும் நம் ஊரில், மடிக்கணினியானால் பேட்டரி நிறைந்திருக்கும்போதும், மேசைக் கணினியானால் யுபிஎஸ் இருக்கும்போதும் செய்வது நல்லது. அங்கேயே, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பகுதியில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குரோமுக்குள்ளேயே இருக்கும் கிளீனப் கருவியை இயக்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் சுற்றி வருகின்றன. அந்தக் கருவியைக் கூகுள் 2023இல் எடுத்துவிட்டது.

கடைசியாக பிரவுசரை ரீசெட் செய்யலாம். குரோமில் ரீசெட் செய்தால் முகப்புப் பக்கமும் தேடுதளமும் பழைய நிலைக்குத் திரும்பும், எக்ஸ்டென்ஷன்கள் அணைக்கப்படும். புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் போகாது. பயர்பாக்ஸில் இதற்கு ரீபிரெஷ் என்று பெயர். ஆனால் இதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் தவறவிடுகிறார்கள்: ஒரே கணக்கில் உள்ள கணினிகளின் பிரவுசர்களை ஒன்றுபோல வைத்திருக்கும் கூகுள் கணக்கின் சிங்க் வசதியை அணைப்பது. சிங்க் இயங்கும் வரை, இந்தக் கணினியில் நீக்கிய எக்ஸ்டென்ஷன் அதே கணக்கில் உள்ள வேறொரு கணினியிலிருந்து திரும்ப வந்து சேரக்கூடும். பார்மட் செய்தும் பயனில்லாமல் போவதற்கு இதுவே பல வீடுகளில் காரணம். அண்ணன் லாஸ்பேட்டையில் கல்லூரிக்குக் கொண்டுபோகும் மடிக்கணினியும், கடலூரில் வீட்டில் இருக்கும் மேசைக் கணினியும் ஒரே கணக்கில் இயங்கினால், இரண்டையும் சுத்தம் செய்த பிறகே சிங்க்கை மீண்டும் இயக்க வேண்டும்.

சுத்தமானது உறுதியானதும், மின்னஞ்சலில் தொடங்கி வங்கி வரை பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இ-சேவை மையம் நடத்துபவர்களும் ஜெராக்ஸ் கடைகளில் விண்ணப்பம் போட்டுத் தருபவர்களும் இதில் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணினிகளின் டவுன்லோட்ஸ் போல்டரில் கிடப்பவை அவர்களுடையவை அல்ல, நம்பிக் கொடுத்த மற்றவர்களின் ஆதார் நகல்களும் வங்கிப் புத்தகப் பக்கங்களும். பணம் ஏதும் பறிபோயிருந்தால், கணினியைச் சரிசெய்வதைத் தள்ளி வைத்துவிட்டு, உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இத்தனைக்கும் அடங்காத கணினி சில உண்டு. அவற்றுக்கு பார்மட்தான் வழி. அப்போது கடையில் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிக் கொடுங்கள்: ஆக்டிவேட்டர் எனப்படும் திருட்டு உரிமக் கருவி எதையும் போடக் கூடாது. ஆட்வேர் ஏறி வரும் முக்கிய வாகனங்களில் அதுவும் ஒன்று. விண்டோஸ் 10, 11 உரிமத்தோடு வாங்கிய மடிக்கணினியாக இருந்தால், அந்த உரிமம் அந்தக் கணினியின் வன்பொருளோடு இணைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸின் அதே பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தாலே அது தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், ஆகவே அந்தக் கருவிக்கு அங்கே வேலையே இல்லை.