இடிந்த சுவருக்குச் செங்கல் வேண்டுமா?

1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35-ல் ஒரு பங்காக, போர்க்களக் காட்சியைச் சிறு மாடலாகச் செய்பவர்கள் டாங்கிக்கு மாதக்கணக்கில் மெனக்கெடுவார்கள், பக்கத்தில் கிடக்கும் இடிபாட்டில் கோட்டை விட்டுவிடுவார்கள். நானும் முதல் தடவை நிஜச் செங்கல்லைச் சுத்தியலால் உடைத்துக் கொட்டினேன். 1942-ல் போரில் இடிந்த ரஷ்ய நகரமான ஸ்டாலின்கிராட்டின் தெருவாக வரவேண்டியது கல்குவாரி மாதிரி வந்து நின்றது!

ரஷ்யச் செங்கல் சுமார் 25 செ.மீ. நீளம், 12 அகலம், 6.5 உயரம். 35-ஆல் வகுத்தால் 7 மி.மீ., 3.5 மி.மீ., உயரம் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் காவிப்பொடி கலந்து, வழுவழுப்பான பிளாஸ்டிக் தாளின்மேல் அந்த 2 மி.மீ. கனத்துக்கு ஊற்றுங்கள். இறுகியும் இறுகாமலும் இருக்கும்போதே பிளேடால் கோடு போட்டுவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கீறினால் பொடியாகிவிடும். காய்ந்ததும் கையாலேயே ஒடிக்கலாம். காவி உள்ளேயே கலந்திருப்பதால் உடைந்த முகமும் சிவப்பாகத்தான் இருக்கும், தனியாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம்.

அப்புறம், வெறும் செங்கலை மட்டும் குவிக்காதீர்கள். மாடி இடிந்தால் உத்தரம், ஜன்னல் சட்டம், குழாய் எல்லாம்தானே சேர்ந்து விழும்? ஐஸ் குச்சியைப் பிளந்து ஆங்காங்கே செருகுங்கள். ஒட்டுவதற்கு ஒரு பங்கு பெவிகால், மூன்று பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை தூசியின் மேலேயே முத்து முத்தாக நிற்கும், உள்ளே இறங்காது.