கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் கருத்துச் சொல்வது எப்படி?

மர்ம நாவல் ஒன்றைப் படித்து முடித்தவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் கிடைக்கும். ஒன்று, "நல்ல விறுவிறுப்பு, கீழே வைக்கவே மனம் வரவில்லை." மற்றொன்று, "செய்தது யாரென்று எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது." முதல் பதிலால் கேட்டவருக்குப் பயன் ஏதும் இல்லை. இரண்டாவது பதில் பல நேரங்களில் உண்மையாகவே இருப்பதில்லை. சொல்பவர் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. முடிவு தெரிந்தவுடன் நினைவு தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொள்கிறது. ஆறு பேரை மாறி மாறிச் சந்தேகப்பட்டவர், கடைசியில் அவர்களுள் ஒருவன் பிடிபட்டதும் மற்ற ஐவரையும் மறந்துவிடுகிறார். ஆகவே இவ்வகை நாவலைப் பற்றி நேர்மையான கருத்து வேண்டுமானால், அதற்கான குறிப்புகளைப் படிக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். நான் விமர்சகன் அல்லன். இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னும் ரயிலிலும் படிக்கிற சாதாரண வாசகன். எனக்குப் பழகிப்போன முறையையே இங்கே எழுதுகிறேன்.

இதற்குத் தேவைப்படுவது அரைத் தாள் ஒன்றும் பென்சில் ஒன்றும்தான். தாளை நீளவாக்கில் மடித்துப் புத்தகத்துக்குள் அடையாளச் சீட்டாக வைத்துக்கொள்ள வேண்டும். இருநூறு பக்க நாவல் என்றால் ஐம்பதாம், நூறாம், நூற்றைம்பதாம் பக்கங்களுக்கு அருகில் ஓர் அத்தியாயம் முடியும் இடத்தில் நின்று, அந்த நேரத்தில் யார்மீது சந்தேகம், ஏன் என்று ஒரே வரியில் குறிக்க வேண்டும். பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது, காரணத்தையும் எழுத வேண்டும் என்பதே இம்முறையின் உயிர். என் பழைய சீட்டு ஒன்றில் இப்படி இருக்கிறது: "பக்கம் 48: மைத்துனன். மழையில் வந்ததாகச் சொல்கிறான், செருப்பில் சேறு இல்லை." அதற்குக் கீழேயே, "பக்கம் 102: வக்கீல். ஏனோ ஆளைப் பிடிக்கவில்லை." இரண்டு வரிகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முதல் வரியில் இருப்பது துப்பு. இரண்டாவது வரியில் இருப்பது, நாவலாசிரியர் நம்மை எந்தப் பக்கம் தள்ளுகிறார் என்பதற்கான தடயம். வக்கீலுக்கு மெல்லிய உதடுகளையும் குளிர்ந்த கைகளையும் கொடுத்து நம்மை வெறுக்கவைத்தவர் ஆசிரியர்தான். அந்த வெறுப்பைக் கடைசியில் அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று பார்க்கும்போது அவருடைய திறமையோ திறமைக்குறைவோ வெளிப்பட்டுவிடும்.

அடுத்த படி, விடை தொடங்கும் இடத்துக்கு ஒரு பக்கம் முன்னால் நிற்பது. எல்லரி குவீன் என்ற ஒரே பெயரில் எழுதிய இரண்டு அமெரிக்க ஒன்றுவிட்ட சகோதரர்கள், 1929-இல் தொடங்கிய தங்கள் ஆரம்பகால நாவல்களில், விடைக்கு முன்னால் கதையை நிறுத்தி, "துப்புகள் அனைத்தும் இப்போது உங்கள் கையில் இருக்கின்றன, கண்டுபிடியுங்கள்" என்ற பொருளில் வாசகருக்கு வெளிப்படையாகச் சவால் விட்டார்கள். எல்லா ஆசிரியர்களும் இந்த மரியாதையைக் காட்டுவதில்லை என்பதால் நிற்கும் இடத்தை நாமே தெரிந்துகொள்ள வேண்டும். துப்பறிபவர் எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாலோ, ஒரு சாதாரணப் பேச்சின் நடுவே திடுக்கிட்டு எழுந்து "எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்!" என்றாலோ, அதுதான் இடம். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு, சீட்டில் கடைசி ஊகத்தை எழுதிவிட வேண்டும். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படிக்கும் இரவில் இது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். ஐந்து நிமிடம் போதும்.

முடித்த பிறகு, ஊகம் சரியா தவறா என்பது இரண்டாம் பட்சம். ஆட்டம் நியாயமாக ஆடப்பட்டதா என்பதே முதல் கேள்வி. பாதிரியாராகவும் துப்பறியும் கதை எழுத்தாளராகவும் இருந்த ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1929-இல் இத்தகைய கதைகளுக்குப் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்திருக்க வேண்டும். உலகம் அறியாத நஞ்சைக் கொண்டுவரக் கூடாது. இரகசிய அறையோ வழியோ ஒன்றுக்கு மேல் கூடாது. இரட்டையர் வருவதாக இருந்தால் அதற்கு முன்கூட்டியே வாசகரைத் தயார்ப்படுத்தியிருக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. பாதி விளையாட்டாக எழுதப்பட்ட அந்த விதிகளைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால், ஒரு நாவல் நம்மை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும்போது, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கண்டறிய அவை நல்ல கேள்வித்தாள். முப்பது பக்கம் மீதமிருக்கையில் மலேசியாவிலிருந்து வந்து இறங்கும் பங்காளி ஒருவன்தான் கொலையாளி என்றால், நம் எரிச்சலுக்கு நாக்ஸின் முதல் விதியே விளக்கம்.

சரிபார்க்கும் முறை எளிது. விடையில் சொல்லப்படும் முக்கியமான மூன்று துப்புகளை எடுத்துக்கொண்டு, அவை முன்பு எந்தப் பக்கத்தில் வந்தன என்று பின்னோக்கிப் புரட்ட வேண்டும். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை செய்தவர். 1920-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் நஞ்சு கையாளப்பட்ட விதத்தை மருந்தாளுநர்களின் இதழ் ஒன்றே பாராட்டியது. அத்தகைய எழுத்தில், விடைக்குத் தேவையான செய்தி நம் கண்முன்னே மேசைமேல்தான் கிடந்திருக்கும். நாம்தான் அதைத் தாண்டிப் போயிருப்போம். அப்படித் தாண்டிப் போகச் செய்தது கலை. அந்தச் செய்தியை மறைத்தே வைத்திருந்தால் அது மோசடி. இரண்டுக்கும் நடுவே நிற்கும் நாவல்களும் உண்டு. அவருடைய 'ரோஜர் அக்ராய்ட் கொலை' 1926-இல் வெளிவந்தபோது, ஆசிரியர் நேர்மையாக நடந்துகொண்டாரா இல்லையா என்று வாசகர்கள் இரண்டு கட்சியானார்கள். நான் நேர்மை என்ற கட்சி. ஏன் என்று சொன்னால் அந்த நாவலைப் படிக்காதவர்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

இதே அளவுகோலைத் தமிழ் மாத நாவல்களுக்கு அப்படியே பயன்படுத்துவது சரியன்று. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கிலக் கதைகளைத் தழுவி எழுதிய காலத்திலிருந்தே நம்மிடம் துப்பறியும் கதை இருக்கிறது என்றாலும், பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் மாத நாவல் தனக்கென்று வேறொரு வடிவத்தை உருவாக்கிக்கொண்டது. திருச்சியில் ஏறி மதுரையில் இறங்குவதற்குள் முடிந்துவிட வேண்டிய கதை அது. ராஜேஷ்குமார் போன்றவர்களின் நாவல்களில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோல் தோன்றும் இரண்டு கதைகள் ஓர் அத்தியாயம் விட்டு ஓர் அத்தியாயம் ஓடிக் கடைசியில் ஓரிடத்தில் முட்டிக்கொள்ளும். அங்கே "யார்?" என்ற கேள்வியைவிட "இவை இரண்டும் எப்படிச் சேரும்?" என்பதே பெரிய கேள்வி. ஆகவே சீட்டில் சந்தேகத்துக்குப் பதிலாக, இரண்டு கதைகளையும் இணைக்கக்கூடிய பொருள், ஊர், தேதி எது கண்ணில் பட்டாலும் குறிக்க வேண்டும். சந்திப்பு தற்செயலாக நிகழ்ந்தால் ஒரு மதிப்பெண் குறைத்துக்கொள்ளலாம். கதாபாத்திரம் ஒன்றின் செயலால் நிகழ்ந்தால் ஒன்று கூட்டலாம்.

வார இதழ்த் தொடராக வந்து பிறகு புத்தகமானவற்றுக்கு மேலும் ஒரு சலுகை தர வேண்டும். எங்கள் வீட்டில் இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து பைண்டு செய்த தொடர்கதைகள் நிறைய இருந்தன. அவற்றைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது அத்தியாயத்துக்கு அத்தியாயம் கதவு தட்டப்படும், கதாநாயகி வீறிடுவாள், "தொடரும்" என்று வரும். அடுத்த பக்கத்தில் பார்த்தால் வந்தவர் பால்காரர். ஒரு வாரம் காத்திருந்தவருக்கு அது இன்பம். ஒரே மூச்சில் படிப்பவருக்குச் சலிப்பு. இந்தச் சலிப்பை நாவலின் குறையாக எழுதும் முன், அது எப்படி வாசிக்கப்படுவதற்காக எழுதப்பட்டது என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

காதலும் மர்மமும் கலந்த நாவல்களுக்கு, அதாவது ரொமான்டிக் சஸ்பென்ஸ் என்று சொல்லப்படுவனவற்றுக்கு, சீட்டையே வேறு விதமாக எழுத வேண்டும். எஸ். எஸ். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1928-இல் வெளியிட்ட இருபது விதிகளுள் ஒன்று, துப்பறியும் கதையில் காதலே கூடாது என்பது; குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவதுதான் வேலை, காதலர்களை மணமேடையில் ஏற்றுவதன்று என்று அவர் காரணமும் சொன்னார். அந்த விதியை மீறியே நிற்கும் வகை இது. ஆகவே இதன் மையக் கேள்வியும் வேறு. மர்ம நாவல் "செய்தது யார்?" என்று கேட்கிறது, இது "இவனை நம்பலாமா?" என்று கேட்கிறது. டாஃப்னி டு மாரியரின் 'ரெபெக்கா' (1938) நாவலில் கதையைச் சொல்லும் இளம் மனைவிக்குக் கடைசி வரை பெயரே தரப்படுவதில்லை. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ தலைப்பிலேயே நிற்கிறது. அந்த வீட்டில் யார் யாரைக் கொன்றார் என்பதைவிட, தன் கணவன் தன்னை விரும்புகிறானா என்று தெரியாமல் அவள் தவிப்பதுதான் நம்மை அச்சுறுத்துகிறது. திருமணத்தை எடுத்துவிட்டால் அங்கே மர்மம் இல்லை. மர்மத்தை எடுத்துவிட்டால் திருமணமும் வெறும் சோகக் கதையாகிவிடும்.

இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். படித்து முடித்ததும், காதலை நீக்கிவிட்டுக் கதையை நான்கு வரிகளில் சொல்லிப் பாருங்கள். பிறகு மர்மத்தை நீக்கிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியாகக் குறையில்லாமல் நின்றால் ஆசிரியர் இரண்டு கதைகளை ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்திருக்கிறார் என்று பொருள். படிக்கும்போதோ, முன்பு சொன்ன மூன்று இடங்களிலும் கதாநாயகி அவனை எவ்வளவு நம்புகிறாள், எதனால் நம்புகிறாள், நான் நம்புகிறேனா என்று எழுத வேண்டும். "அகன்ற தோள்" என்ற காரணம் மூன்று முறையும் வந்தால் நாவல் பலவீனமானது. அவள் நள்ளிரவில் தனியாகப் பாழடைந்த கிணற்றுப் பக்கம் போனால், உடனே முட்டாள் என்று எழுதிவிடக் கூடாது. போவதற்கு அவளுக்கு அவளளவில் காரணம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். தங்கை காணாமல் போயிருந்தால் யாரும் போவார்கள். கதைக்கு ஓர் அலறல் தேவைப்பட்டது என்பதற்காக மட்டும் போனால் அது ஆசிரியரின் குற்றம்.

என்னால் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு செய்தியும் உண்டு. அவளுக்குத் தெரியாமல் பின்தொடர்வது, கைப்பேசியைச் சோதிப்பது, வெளியே விடாமல் அடைத்து வைப்பது ஆகியவற்றைச் செய்பவன் கடைசியில் "எல்லாம் உன் பாதுகாப்புக்காகத்தான்" என்று சொல்ல, அவளும் நெகிழ்ந்துபோகும் நாவல்கள் தமிழிலும் பிற மொழிகளிலும் ஏராளம். இதே செயல்களைத்தான் நூறு பக்கத்துக்கு முன்னால் வில்லன் செய்தபோது நாம் பயந்தோம். ஆசிரியர் அதை உணர்ந்து எழுதியிருக்கிறாரா என்பது என் சீட்டில் எப்போதும் இடம்பெறும் வரி.

இனிக் கருத்தைப் பிறரிடம் சொல்லும் முறை. கதையின் முதல் கால்பகுதியைத் தாண்டி நடக்கும் எதையும் சொல்லக் கூடாது என்பது பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொள்வது. ஆனால் நிகழ்ச்சியைச் சொல்லாமலேயே விடையைக் கொடுத்துவிட முடியும். என் சித்தியிடம் ஒரு நாவலைக் கொடுத்தபோது, "அந்த டாக்டர் வர்ற இடத்தையெல்லாம் கொஞ்சம் கவனிச்சுப் படிங்க சித்தி, ரொம்ப நல்லா எழுதியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த டாக்டர் இரண்டே காட்சிகளில் வருபவர். சித்தி புத்தகத்தை என் கையிலேயே திருப்பித் திணித்து, "இனிமே நான் எதுக்குடா இதைப் படிக்கணும்?" என்றார். சிறிய பாத்திரத்தைப் பெரிதாகப் புகழ்வதும், "முதல் அத்தியாயத்தை மறக்காதீர்கள்" என்பதும், "யாருமே எதிர்பாராத திருப்பம்" என்பதும் இந்த வகைத் தவறுகளே. திருப்பம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் வாசகர் கதையைவிட்டு அதைத் தேடத் தொடங்கிவிடுவார். காதல் கலந்த நாவலில் இருவரும் சேர்வார்கள் என்பது பெரும்பாலும் அட்டைப்படத்திலேயே இருப்பதால் அதைச் சொல்வதில் தவறில்லை. கதையில் இரண்டு ஆண்கள் இருந்து, அவர்களில் எவனோடு என்று சொன்னால்தான் தவறு.

சீட்டைப் பார்த்துக்கொண்டு, ஆறேழு வாக்கியங்களில் கருத்தை அமைக்கலாம். எடுத்துக்காட்டாக: "நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்கு எழுத வரும் பெண்ணின் கதை. முதல் நூறு பக்கங்களில் எனக்கு மூன்று பேர்மீது சந்தேகம் வந்தது, மூன்றுக்கும் காரணம் சொல்ல முடிந்தது. விடைக்குத் தேவையானவை முன்பே சொல்லப்பட்டிருந்தன. திரும்பப் புரட்டிப் பார்த்துவிட்டேன். காதல் காட்சிகள் நடுப்பகுதியில் கதையை நிறுத்தி வைக்கின்றன, ஆனால் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் பிழையை அவள் தானே கண்டுபிடிக்கும் இடம் அருமை. தோட்டத்து வேலைகளைப் பற்றி ஆசிரியருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ரத்தம் அதிகமில்லை, இரவில் தனியாகப் படிக்கலாம்." கேட்பவருக்குத் தேவையான அனைத்தும் இதில் உண்டு. தன் ஊகம் சரியாக இருந்ததா என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைச் சொன்னால் விடை எளிதா கடினமா என்பது தெரிந்துவிடும்.

நூலகப் புத்தகமாக இருந்தால், திருப்பித் தரும் முன் சீட்டை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். வாடகைக்கு எடுத்த நாவல் ஒன்றில் எனக்கு முன்னால் படித்தவர் வைத்துவிட்டுப் போன பேருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தது. பின்புறத்தில் இரண்டு பெயர்கள். ஒன்றை அடித்து, மற்றொன்றின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் நம்பியபடியே நானும் படித்துக்கொண்டு போனேன். இருவருமே தவறு.