‘நடங்க’ என்று சொல்வதற்கு முன்னால் கேட்க வேண்டியவை

வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்கும் 125-க்கும் இடையில், அல்லது மூன்று மாதச் சராசரி (HbA1c) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்று வருகிறவர்களை, அதாவது சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவர்களை, நம் ஊரில் ‘பார்டர் சுகர்’ என்கிறோம். இவர்களுக்கு எந்த வலியும் இல்லை. ஆகவே நோயாளி என்ற எண்ணமும் இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து நிற்கும்போது அவர்கள் முதுகுக்குப் பின்னால் ‘தினமும் நடங்க’ என்று சொல்வது யார் காதிலும் ஏறாது. கொங்கு வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறு கிளினிக்குகளிலும் பணியாற்றும் செவிலியர்களும் மருத்துவர்களும் அந்த ஒரு வரிக்குப் பதிலாக ஐந்து நிமிடம் ஒதுக்கினால், மாத்திரைக்கு நிகரான பலனை எதிர்பார்க்கலாம். மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்குச் சான்று. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட, உணவிலும் உடலுழைப்பிலும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதமும், மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை பெற்றவர்களுக்கு 26.4 சதவீதமும் குறைந்தது.

அந்த ஆய்வில் நாம் பின்பற்ற வேண்டிய நல்ல வழக்கம் ஒன்று உண்டு. ஏற்கெனவே உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதையே தொடரச் சொன்னார்கள்; உட்கார்ந்து வேலை செய்பவர்களிடம் மட்டுமே நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடக்கும்படி வற்புறுத்தினார்கள். எனவே முதலில் கேட்க வேண்டியது அவருடைய நாளைப் பற்றி. சொந்தத் தோட்டத்தில் விவசாயம் பார்க்கும் ஒருவரிடம் நடை என்று எடுத்ததுமே, “நாள் பூராவும் காட்டுலதானுங்க கெடக்கறேன், அதுக்கு மேல என்னத்தைங்க நடக்கறது?” என்பார். அதை மறுக்காமல், “நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன பண்ணுனீங்க, சொல்லுங்க பார்க்கலாம்” என்று கேளுங்கள். மோட்டாரைச் செல்போனிலேயே போட்டது, சொட்டுநீர் தானாகப் பாய்ந்தது, களையெடுக்க ஆள் விட்டது, பால் சொசைட்டிக்கு மொபெட்டில் போய் வந்தது என்று ஒவ்வொன்றாக வெளிவரும். முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே காட்டில் செய்த உழைப்பில் பெரும்பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டது என்பது, நாம் சொல்லாமலே அவருக்குப் புரியும்.

அந்தப் பதிலுக்குள்ளேயே வழியும் இருக்கும். பால் கொஞ்சமாக இருந்து, சொசைட்டியும் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால், காலையும் மாலையும் தூக்குப்போசியோடு நடந்தே போய் வரச் சொல்லலாம். அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, மாடு கறக்கிறவரை நடையும் நிற்காது. புதிதாக ஒரு பழக்கத்தை நடுவதைவிட, இருக்கிற வேலையோடு நடையைக் கட்டிவிடுவதே நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் பெண்களின் நிலை வேறு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவரிடம் பூங்காவைப் பற்றிப் பேசுவது அவருடைய களைப்பை மதிக்காததாகும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கம்பெனி வளாகத்துக்குள் பத்து நிமிடம், டீ இடைவேளைகளில் ஐந்தைந்து நிமிடம் என்று பிரித்துக் கொடுங்கள். சாப்பிட்ட பின் இயங்கும் தசை, ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை உடனே இழுத்துக்கொள்ளும். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய வரம்பை உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் நீக்கிவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற மொத்தத்தைச் சிறுகச் சிறுக எட்டினால் போதும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுவே சரியான வேகம். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது போன்ற தசைப் பயிற்சியை வாரம் இருமுறை சேர்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் பெண்களுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் ஊர்ப் பேச்சுதான். உடன் வந்திருக்கும் மாமியாரையோ கணவரையோ உள்ளே அழைத்து, “அம்மிணிகூட நீங்களும் வாய்க்கால் வரைக்கும் போய்ட்டு வாங்க” என்று அவர்களிடமே பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

தொடங்கும் முன் சில கேள்விகளைத் தவறவிடக் கூடாது. நடந்தால் நெஞ்சு இறுகுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் முதலில் மருத்துவர் பார்க்கட்டும். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலில் புண் இருக்கிறதா என்று பாருங்கள். கிளிமெபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்கு நடுக்கமும் வியர்வையும் வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று விளக்கி, கையில் குளுக்கோஸ் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

முடிவானதை மருந்துச் சீட்டில், மாத்திரைக்கு அடுத்த வரியிலேயே, ‘மாலை பால் ஊற்ற நடந்து’ என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டுவிட்டு, பிறகு மாதம் ஒருமுறை கேளுங்கள்; மேற்சொன்ன ஆய்விலும் இப்படித்தான் தொடர்ந்து பேசினார்கள். நடக்கவில்லை என்றால் கடிந்துகொள்ளாமல், எது தடுத்தது என்று விசாரியுங்கள். ஆடிக் காற்றாக இருக்கலாம், முழங்கால் வலியாக இருக்கலாம், வீட்டில் நோன்பியாக இருக்கலாம். அதற்கேற்ப அந்த வரியை மாற்றி எழுதி, அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதியையும் பக்கத்தில் குறித்துக் கொடுங்கள்.