கோபத்தின் காரணம் எங்கே இருக்கிறது? உணர்ச்சிகளை இனங்காணத் தொடக்கநிலைச் செய்முறை

உணர்ச்சிகளைப் பிரித்தறியப் பழகுவோர்க்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இன்றைக்கும் நல்ல வழிகாட்டி. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, கூறும் அவ்வியல், ஒவ்வொன்றும் பிறப்பதற்குரிய நான்கு நிலைக்களன்களையும், அதாவது காரணங்களையும், சேர்த்தே சொல்லிவிடுகிறது. செய்யுளுக்கு வகுத்த இலக்கணம்தான். ஆயினும் பெயரோடு காரணத்தையும் கேட்கும் அந்த முறை நமக்கு அப்படியே உதவும்.

படி 1: உடலைக் கவனியுங்கள். காது சூடாவது, தாடை இறுகுவது, தொண்டை அடைப்பது என எது நேர்ந்தாலும், சரியா தவறா என்று ஆராயாமல் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: எட்டில் ஒரு பெயரை இடுங்கள். 'மனசே சரியில்லை' என்பது போதாது. இரண்டு பொருந்தினால் இரண்டையும் எழுதலாம்.

படி 3: நிலைக்களனைத் தேடுங்கள். உண்மையான வேலை இதுதான். மாலையில் வீடு திரும்பிய ஒருவர், மகன் வாசலில் செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப் போட்டிருப்பதைக் கண்டு கத்துகிறார். காப்பி டம்ளரை மேசையில் 'ணங்' என்று வைக்கிறார். பார்வைக்கு இது வெகுளி. ஆனால் வெகுளிக்குரிய களன்கள் உறுப்பறை (உறுப்பை அறுத்தல்), குடிகோள் (குடும்பத்தார்க்கும் சுற்றத்தார்க்கும் கேடு செய்தல்), அலை (துன்புறுத்தல்), கொலை. அதாவது, தமக்கோ தம்மைச் சார்ந்தோர்க்கோ யாரேனும் தீங்கிழைத்திருக்க வேண்டும். செருப்பில் அப்படி எதுவும் இல்லை. அழுகைக்குரிய இளிவு (பிறரால் இகழப்படுதல்), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்ந்து தளர்தல்), வறுமை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும்போதுதான், காலைக் கூட்டத்தில் மேலாளர் எல்லார் முன்னிலையிலும் தம்மை மட்டந்தட்டிப் பேசியது அவர் நினைவுக்கு வருகிறது. அது இளிவு. ஆகவே அவர் பேச வேண்டியது மேலாளரிடம், அதுவும் தனியாக. ஆண்களின் அழுகை பெரும்பாலும் வெகுளியாகவே வெளிப்படுகிறது என்பது என் எண்ணம். அழக்கூடாது என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்!

படி 4: உணர்ச்சி கேட்பதைச் செய்யுங்கள். அச்சம் முன்னேற்பாட்டைக் கேட்கிறது; அணங்கு (பேய் போன்ற அச்சுறுத்தும் ஆற்றல்கள்), விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்ற மேலோர்) என்னும் அதன் களன்களுள் இறையின் இடத்தில் இன்று அதிகாரியையோ தேர்வையோ வைத்துப் பார்க்கலாம். களனோடு பொருந்திய வெகுளி, மீறப்பட்ட எல்லையை எடுத்துச் சொல்லக் கேட்கிறது. இழவில் பிறந்த அழுகைக்கு மட்டும் தீர்வு தேடாதீர்கள். அப்போது உடனிருக்க ஒருவர் வேண்டும், அவ்வளவே.

எவ்வளவு தேடியும் களன் அகப்படாமல், உறக்கமும் பசியும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தால், தாளை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்போர் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்னும் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.