காலப்பயணக் கதைகளில் ரூபாய்: எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலப்பயணக் கதை எழுதுகிறவர்கள் இயந்திரத்துக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியைக்கூட நாயகனின் சட்டைப்பைக்குக் கொடுப்பதில்லை. இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். ஆனால் 1948ஆம் ஆண்டு மதராஸில் இறங்கியவன் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு ஐம்பது பைசாவை எடுத்து வைத்துவிட்டு நடையைக் கட்டுவான். நூறு பைசா ஒரு ரூபாய் என்ற கணக்கே அப்போது கிடையாது. விவரம் தெரிந்த வாசகர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்.

இயந்திரம் கற்பனை என்று தெரிந்தேதான் வாசகர் உள்ளே வருகிறார். ரூபாய் கற்பனை இல்லை. நாள், மாதம், ஆண்டோடு அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வாசகரின் தாத்தா அதைக் கையில் எண்ணிப் பார்த்திருக்கிறார். ரூபாயைச் சரியாக எழுதிவிட்டால் அந்தக் காலகட்டத்தில் பாதி தானாக எழுந்து நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். இந்திய ரூபாயை வைத்து எழுதும்போது அடிக்கடி கண்ணில் படுகிற தவறுகளை இங்கே சொல்கிறேன்.

இன்றைய நோட்டோடு இறங்குவது

ஒரு நூறு ரூபாய் நோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். காந்தி படம் எல்லா நோட்டுகளுக்கும் பொதுவானது 1996இல் தொடங்கிய மகாத்மா காந்தி வரிசையிலிருந்துதான். அதற்கு முன் 1969இல் அவருடைய நூற்றாண்டுக்காக வந்த சிறப்பு நோட்டுகளிலும், 1987இல் வந்த 500 ரூபாய் நோட்டிலும் அவர் இருந்தார். ரூபாய்க் குறியீடு 2010 ஜூலை 15 அன்று ஏற்கப்பட்டது. வரைந்தவர் தமிழ்நாட்டுக்காரரான டி. உதயகுமார். நோட்டைத் திருப்பினால் கீழே நடுவில் அச்சிட்ட ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும். 2005க்கு முந்தைய நோட்டுகளில் அது கிடையாது. இத்தனை தடயங்களைச் சுமந்துகொண்டு ஒருவன் பழைய காலத்துக்குள் ஒளிந்து நடமாட முடியாது.

இதில் பலரும் தலைகீழாக எழுதுகிற ஒன்று உண்டு. எவ்வளவு பின்னால் போகிறானோ அவ்வளவு ஆபத்து என்று நினைக்கிறார்கள். 1940இல் இன்றைய நோட்டை நீட்டினால் கடைக்காரர் அதைப் பணமாகவே எண்ண மாட்டார். ஏதோ படம் போட்ட காகிதம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். உண்மையான ஆபத்து 1992இல் இருக்கிறது. 1996 வரிசை நோட்டு அப்போது புழங்கிய நோட்டுக்குக் கிட்டத்தட்ட ஒத்த உருவம், ஆனால் அதுவே இல்லை. கள்ள நோட்டு என்று போலீசைக் கூப்பிடுவது அங்கேதான். பக்கத்து ஆண்டுகளுக்குப் போகிற கதைகளில்தான் நோட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும்.

ஆளுநர் கையெழுத்தையும் யாரும் பயன்படுத்துவதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம். மன்மோகன் சிங் 1982 முதல் 1985 வரை ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தார். 1984இலிருந்து 2005க்கு வந்து சேர்ந்த ஒருவன், தன் பையில் இருக்கிற நோட்டில் கையெழுத்துப் போட்டவரே நாட்டின் பிரதமர் என்று சுவரொட்டியில் பார்ப்பதை எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும். ஒரு ரூபாய் நோட்டில் மட்டும் ஆளுநர் கையெழுத்து இருக்காது, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்துதான். அதை வெளியிடுவது இந்திய அரசு.

பழைய காசு விற்கிறவர்களிடம் வாங்கிக்கொண்டு போகிறான் என்று எழுதுவது சரியான வழி. அப்புறமும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, முகமதிப்பைவிடப் பல மடங்கு கொடுத்துத்தான் அவன் அதை வாங்கியிருப்பான். கடந்த காலத்தில் அவன் குடிக்கிற காபி அவனுக்கு மலிவு இல்லை. இரண்டு, 1947 என்று பொறித்த காசு எழுபது எண்பது ஆண்டு கைமாறித் தேய்ந்திருக்கும். அதை 1947இலேயே கொண்டுபோய் நீட்டினால், இந்த ஆண்டு அடித்த காசு எப்படி இப்படித் தேய்ந்தது என்று வாங்குகிறவர் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்.

விக்டோரியா ரூபாய்க்குப் போனால் வேறு சூட்சுமம். 1862 என்று ஆண்டு போட்ட ரூபாயை அதே ஆண்டை மாற்றாமல் 1874 வரை அடித்தார்கள், அதனால் அது பத்தாண்டுக்கு மேல் எங்கேயும் செல்லும். ஆனால் பேரரசி என்ற பட்டம் காசில் ஏறியது 1877இலிருந்து. 1870இல் நடக்கிற காட்சியில் பேரரசி விக்டோரியா காசு இருக்கக் கூடாது.

அணாவைப் பைசாவாக எழுதுவது

1957 ஏப்ரல் 1 வரை ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நாலு காலணா அல்லது பன்னிரண்டு தம்பிடி. ரூபாய்க்கு 192 தம்பிடி. இதைப் பல எழுத்தாளர்கள் தெரிந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் நாயகனின் தலைக்குள் அந்தக் கணக்கு எப்படித் திணறும் என்பதை எழுதுவதில்லை. ஐந்தே காலணா ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? கல்லாவில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு பத்தே முக்கால் அணா எண்ணி வைப்பார். நூறு பைசாக் கணக்கில் வளர்ந்தவன் விரல் விட்டுக்கொண்டு நிற்பான். அவன் இந்தக் காலத்து ஆள் இல்லை என்பதை உடையும் பேச்சும் காட்டுவதற்கு முன்பே இது காட்டிவிடும்.

அந்தச் சில்லறையையே கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943இல் நடுவில் பெரிய ஓட்டை போட்டுக் காலணா அடித்தார்கள். ஓட்டைக் காலணா என்று பெயரே வந்துவிட்டது. வெள்ளி ரூபாயிலும் 1940இல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அதற்கு முன் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1944இல் போய் இறங்குகிறவன் பழைய முழு வெள்ளி ரூபாயைக் கொடுத்தால் வாங்குகிறவர் அதைக் கல்லாவில் போட மாட்டார், இடுப்பில் முடிந்துகொள்வார். போர்க்காலம் என்று விளக்க இதைவிடச் சின்ன காட்சி தேவையில்லை.

1957க்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அணாவும் நயா பைசாவும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. ஓர் அணா 6 நயா பைசா, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25 என்று அரசே மாற்று அட்டவணை தந்தது. ஓரணாப் பொருளை நாலு தடவை தனித்தனியாக வாங்கினால் 24 நயா பைசா. நாலையும் சேர்த்து வாங்கினால் 25. அந்த ஒரு பைசாவுக்கு யாருக்கு இலாபம் என்ற பேச்சு ஒரு கடைவாசல் காட்சிக்குப் போதும். 'நயா' என்ற ஒட்டு 1964 ஜூன் 1இல் போனது. 1970இல் நடக்கிற கதையில் காசின்மேல் அதைப் புதிதாகப் பொறித்திருந்தால் தவறு. பேச்சில் மட்டும் அணா போகவே இல்லை. 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். நாலணாவே 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயிற்று.

சுதந்திரம் கிடைத்த மறுநாளே அசோகர் தூண் போட்ட காசு புழங்குவதாக எழுதுவதும் இதே வகைத் தவறு. தூண் முதலில் வந்தது 1949இன் ஒரு ரூபாய் நோட்டில். காசுகளில் வந்தது 1950 ஆகஸ்ட் 15 அன்று. அதுவரை ஆறாம் ஜார்ஜ் மன்னர்தான்.

பெரிய நோட்டுகள்

வில்லனின் பெட்டியைத் திறக்கிற காட்சிதான் அதிகம் சறுக்குகிற இடம். 1985இல் 500 ரூபாய்க் கட்டுகளாக அடுக்கியிருப்பார்கள். 500 ரூபாய் நோட்டு வந்தது 1987இல். 1978 ஜனவரி 16 அன்று 1000, 5000, 10000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு, நாட்டின் மிகப் பெரிய நோட்டு நூறுதான். பத்து லட்சம் என்றால் பத்தாயிரம் நோட்டு, நூறு கட்டு. பெட்டி அதற்கேற்ற பருமனாக இருக்க வேண்டும், தூக்குகிறவன் தோள் சாய வேண்டும். 1000 ரூபாய் நோட்டு மறுபடி வந்தது 2000இல்.

செல்லாத நோட்டு என்றால் 2016 நவம்பர் 8 மட்டுமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. முதல் தடவை 1946 ஜனவரி 12 அன்றே நடந்தது. பணத்தைப் பானையில் போட்டுப் புதைத்துவிட்டு, பின்னால் தோண்டி எடுப்பதாகத் திட்டம் போடுகிற பாத்திரங்கள் 1946, 1978, 2016 என்ற இந்த மூன்று தேதிகளில் ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொள்ளக்கூடும். 2000 ரூபாய் நோட்டு இதைவிடக் குறுகிய ஆயுள் கொண்டது: 2016 நவம்பரில் பிறந்து, 2023 மே 19 அன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2030க்குப் போகிற கதையில் கடைக்காரர்கள் அதைச் சாதாரணமாக வாங்கிப் போடுவதாக எழுதாதீர்கள்.

ஒரு டாலர் ஒரு ரூபாய் என்ற கட்டுக்கதை

1947இல் ஒரு டாலரும் ஒரு ரூபாயும் சமம் என்று வாட்சாப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்பி, நாயகன் அங்கே போய் ரூபாயை டாலராக மாற்றிப் பணக்காரனாகிற கதைகள் எழுதப்படுகின்றன. இது எனக்குக் கோபமே வரவைக்கிற பொய்.

அன்று ரூபாய் பவுண்டோடு கட்டப்பட்டிருந்தது. ஒரு ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். அதாவது ஒரு பவுண்டுக்கு 13 ரூபாய் 5 அணா 4 தம்பிடி. பவுண்டுக்கு நாலு டாலருக்குச் சற்று மேல். வகுத்துப் பார்த்தால் டாலருக்கு ஏறக்குறைய 3 ரூபாய் 30 காசு வருகிறது. 1949 செப்டம்பரில் பவுண்டு இறங்க, கூடவே ரூபாயும் இறங்கி 4.76 ஆனது. 1966 ஜூன் 6 அன்று 7.50. 1991 ஜூலையில் இரண்டு தவணையாக மறுபடி இறக்கினார்கள். இதில் 1966 ஜூன் 5 அன்று போய்ச் சேர்கிற ஒருவனுக்கு உண்மையிலேயே ஒரு கதை இருக்கிறது. பொய்க்கணக்கு எதற்கு?

ஊர் மாறினால் காசும் மாறும்

நாடு முழுக்க ஒரே காசு என்று எண்ணுவது தமிழில் எழுதுகிறவர்கள் செய்யவே கூடாத தவறு, ஏனென்றால் நம் பக்கத்திலேயே அத்தனை வகை இருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் நாகர்கோவிலில் சக்கரம் புழங்கியது. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் உருவம் பதித்த அம்மன் காசு. பின்பக்கம் 'விஜய' என்று தெலுங்கில் இருக்கும். பாண்டிச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி. இந்தோசீனா வங்கி வெளியிட்ட ரூபாய் நோட்டுகள் அங்கே இருந்தன.

இலங்கை 1872லேயே நூறு சதம் ஒரு ரூபாய் என்று மாறிவிட்டது. ஆகவே 1930இல் யாழ்ப்பாணத்தில் அணா என்று எழுதினால் பிழை. தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடியில் இறங்குகிற பயணி, சதத்திலிருந்து அணாவுக்கு, நூறிலிருந்து பதினாறுக்குத் தாவுகிறார். காலப்பயணமே இல்லாமல் கணக்கு மாறுகிற பயணம் அது.

இன்னும் பின்னால் போனால் மதராஸ் மாகாணத்திலேயே 1818 வரை வராகன், பணம், காசுதான் முதன்மையான கணக்கு. 100 வராகன் 350 ரூபாய். இராசராசன் காலத்துத் தஞ்சைக்குப் போனால் ரூபாய் என்ற பேச்சே கூடாது, அது ஷேர் ஷா சூரி 16ஆம் நூற்றாண்டில் அடித்த வெள்ளிக் காசிலிருந்து வருவது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசும் நெல்லுமே கணக்கு.

தங்கம் எடுத்துக்கொண்டு போனால் போதுமா?

நோட்டுப் பிரச்சினை தெரிந்த எழுத்தாளர்கள் நாயகன் கையில் தங்கக் கட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளும் 1968இல் அதற்கான சட்டமும் வந்தன. 1990 வரை தனிமனிதர் தங்கக் கட்டி வைத்திருப்பது குற்றம். 1975இல் கட்டியோடு நகைக்கடைக்குப் போனால் கடைக்காரர்தான் முதலில் பயப்படுவார். சரி, நகையாகக் கொண்டுபோகலாம் என்றால் 916 முத்திரை காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் ஹால்மார்க் தொடங்கியது 2000இல். பழைய பாட்டி நகையைத் தேடி எடுத்துக்கொண்டு போவதாக எழுதுங்கள்.

ஒரே எண்ணால் பெருக்குவது

அன்று ஒரு ரூபாய் என்றால் இன்று இத்தனை ரூபாய் என்று ஒரே எண்ணை வைத்து எல்லா விலையையும் பெருக்கிவிடுகிறார்கள். 1879இல் அஞ்சலட்டை காலணா. இன்றைய அஞ்சலட்டை 50 பைசா, அதாவது 32 மடங்கு மட்டும். 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று அண்ணா சொன்ன அரிசி அறுபது ஆண்டுக்குள்ளேயே அந்த 32 மடங்கைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி ஓட்டம். பாத்திரத்தின் மாதச் சம்பளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதில் அரிசிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று இறங்குவதே பாதுகாப்பு. அளவையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கிலோ 1958க்குப் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்கு வந்தது, அதுவரை படி, வீசை, பலம்.

ஒரே எண்ணில் இரண்டு நோட்டு

தேதிகளையெல்லாம் சரியாகப் போட்டவர்களும் கவனிக்காமல் விடுகிற ஒன்று நோட்டின் வரிசை எண். 2019இல் அச்சான ஒரு நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு ஒருவன் இன்றிலிருந்து பின்னோக்கி 2021க்குப் போகிறான். எழுத்து, காந்தி, ஆண்டு எல்லாம் பொருந்துகிறது, கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். ஆனால் அதே நோட்டு, அதே எண்ணோடு, அந்த நேரத்தில் வேறெங்கோ யாரோ ஒருவர் பையில் இருக்கிறது. இரண்டிலும் நீரெழுத்து சரி, பாதுகாப்பு இழை சரி. இரண்டும் ஒரே வங்கிக் காசாளரிடம் வந்தால் எதைக் கள்ள நோட்டு என்பார்?

அழுக்கான நோட்டுகளை ரிசர்வ் வங்கி துண்டு துண்டாக நறுக்கிக் கட்டியாக அழுத்திவிடும். இரண்டில் இளைய நோட்டு, அதாவது 2021இல் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது, 2022இல் அப்படி நறுக்கப்பட்டால், அவன் புறப்பட்ட நாளில் அது எப்படி அவன் கைக்கு வந்தது? கடந்த காலத்துக்குப் போய்த் தாத்தாவைக் கொன்றுவிட்டால் தான் எப்படிப் பிறந்திருக்க முடியும் என்ற முரணைப் பல கதைகள் எழுதித் தீர்த்துவிட்டன. இந்த நூறு ரூபாய் முரணில் யாருக்கும் அடிபடுவதில்லை, ஆனால் அதே அளவு சிக்கல் இருக்கிறது. நறுக்கும் இயந்திரத்துக்குள் எந்த நோட்டு போகிறது என்பதை, கதையைத் தொடங்குவதற்கு முன்பே எழுதுகிறவர் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.