ரெண்டு செஷனுக்கும் வந்தவங்கள சார்ட்டுல ஒரு தடவ மட்டும் காட்டறது: என் அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் மா விவசாயிங்களுக்கு நடந்த பயிற்சியோட அட்டெண்டன்ஸ எக்செல்ல சார்ட்டா போடணும், காலைல ஒரு செஷன் மதியம் ஒரு செஷன், நெறைய பேரு ரெண்டுலயும் இருந்தாங்க. ரெண்டு மொத்தத்தையும் அப்படியே ஸ்டாக்டு சார்ட்டுல, அதாவது ஒரே பார்ல ஒண்ணு மேல ஒண்ணா, அடுக்குனா மண்டபத்துல இல்லாத கூட்டம் சார்ட்டுல நிக்குது.

ரெண்டுலயும் 'வந்தார்'னு இருக்கறவங்கள கவுன்ட்இஃப்ஸ்னு (COUNTIFS) ஒரே நேரத்துல பல நிபந்தனைய பாத்து எண்ணற எக்செல் ஃபார்முலா போட்டு எண்ணி, அத ஒவ்வொரு மொத்தத்துலயும் கழிச்சதும் சரியாயிடுச்சு. அதாவது காலை 40, மதியம் 35, ரெண்டும் 25னு வைங்க, அடுக்க வேண்டியது 15, 25, 10, ஆக 50 பேரு, 75 இல்ல. அந்த 25ஐ நடுவுல வச்சா கீழ ரெண்டு துண்டும் சேந்து காலை, மேல ரெண்டும் சேந்து மதியம்னு பாத்ததும் தெரியும்.

பேர வச்சு மட்டும் எண்ணாதீங்க, எங்கூரு லிஸ்ட்டுல நாலு முனியப்பன் இருப்பாங்க, டோக்கன் நம்பர்தான் நல்லது.