மலைநாட்டில் ஓடும் பைக்குக்குக் கட்டுப்படியான விலையில் பெட்டரி தெரிவு செய்வது எப்படி?

விடியற்காலையில் சாவியைத் திருப்பி செல்ப் பட்டனை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹோர்ன் தொண்டை கட்டியது போல் கேட்கிறது. இண்டிகேட்டர் ஒரு தடவை மின்னிவிட்டு மங்குகிறது. நுவரெலியா, ராகலை, ஹப்புத்தளை பக்கம் தை, மாசிப் பனியில் இது அடிக்கடி நடப்பதுதான். பெட்டரி போய்விட்டது என்று உடனே டவுனுக்கு ஓடி, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி வந்துவிடுகிறோம். அப்படிச் செய்யாமல், போகுமுன் வீட்டில் ஓர் அரை மணி நேரம் செலவழியுங்கள். பாதிப் பணம் அங்கேயே மிச்சமாகலாம்.

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மறுபடி தொடங்கியது. அதனால் இருக்கிற பழைய பைக்கைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுகிற வீடுகள்தான் இங்கே அதிகம். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தே பழக்கமில்லாதவர்களும் செய்யலாம்.

முதலில், பழுது பெட்டரியில்தானா?

குளிர் பெட்டரியைக் கொல்வதில்லை. பலவீனமான பெட்டரியைக் காட்டிக் கொடுக்கிறது. குளிரில் பெட்டரிக்குள் நடக்கும் இரசாயன மாற்றம் மந்தமாகிறது. எஞ்சின் ஒயிலும் தடித்துப் போவதால் எஞ்சினைச் சுழற்றக் கூடுதல் பலம் வேண்டியிருக்கிறது. அதனால் மத்தியானம் நன்றாக வேலை செய்யும் பெட்டரி காலை ஆறு மணிக்குக் கைவிடுகிறது. உண்மையில் ஈய பெட்டரியின் ஆயுளை அதிகம் குறைப்பது வெயில்தான். அந்த வகையில் நம் காலநிலை அதற்கு நல்லதே. இங்கே பெட்டரிகளைச் சாகடிப்பவை கல் ரோட்டின் குலுக்கலும், முழுதாகச் சார்ஜ் ஏறாமலே ஓட்டுவதும்தான்.

சீட்டைக் கழற்றிப் பெட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், வயரைக் கழற்றி, சுடுதண்ணீர் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, காய வைத்து, இறுக்கிப் பூட்டுங்கள். தோட்டத்து ரோட்டில் ஓடும் பைக்கில் அந்த போல்ட்டுகள் தானாகவே தளர்ந்துவிடும். கையால் ஆட்டிப் பார்க்கும்போது வயர் அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். ஃபியூஸையும் ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள்.

அடுத்தது மல்டிமீட்டர். இலத்திரனியல் சாமான் விற்கும் கடைகளில் சாதாரண மீட்டர் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வாங்க மனமில்லையென்றால் கராஜ் வைத்திருப்பவரிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள். டிசி 20 வோல்ட் என்ற இடத்தில் வைத்து, சிவப்புக் கம்பியைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொட வேண்டும். மூன்று தடவை அளக்க வேண்டும்.

இரவு முழுக்க நின்ற பைக்கில், காலையில் எதையும் போடுமுன் முதல் அளவு. 12.6 முதல் 12.8 வோல்ட் இருந்தால் பெட்டரி முழுச் சார்ஜில் இருக்கிறது. 12.2 அளவில் இருந்தால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போயிருந்தால் கிட்டத்தட்டக் காலி. 10.5ஐச் சுற்றி நின்று, சார்ஜ் போட்டும் ஏறவில்லையென்றால் உள்ளே இருக்கும் ஆறு அறைகளில் ஒன்று செத்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

இரண்டாவது, ஒருவர் செல்ப் பட்டனை அமுக்கும்போது மற்றவர் பார்க்க வேண்டிய அளவு. முள்ளோ எண்ணோ 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து அங்கேயே நின்றால் பெட்டரிக்குப் பலமில்லை. ஆனால் அதை முழுதாகச் சார்ஜ் பண்ணிவிட்டு இன்னொரு தடவை பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கிக்கரில் உதைத்து எஞ்சினை ஓட விட்டு, கொஞ்சம் எக்ஸலரேட்டர் கொடுத்தபடி அளக்க வேண்டும். 13.5க்கும் 14.8க்கும் இடையில் இருந்தால் பைக் ஒழுங்காகச் சார்ஜ் செய்கிறது. எஞ்சின் ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் மின்சாரம் உண்டாக்கும் சார்ஜிங் கொயிலையோ, அதைப் பெட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் ரெக்டிபயரையோ, அவற்றின் வயரையோதான் பார்க்க வேண்டும். புதுப் பெட்டரி போட்டாலும் அது சில நாளில் இதே நிலைக்கு வந்துவிடும். 15ஐத் தாண்டினால் அதிகமாகச் சார்ஜ் ஏற்றிப் பெட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டில் எது இருந்தாலும் பெட்டரிக்குப் பணம் கொடுக்குமுன் அதைச் சரி செய்யுங்கள். வீணாகும் பெட்டரிகளில் நிறைய இந்த ஒரு சோதனை செய்யாததால்தான் வீணாகின்றன.

பழைய பெட்டரியை வாசியுங்கள்

சரி, பெட்டரிதான் போயிருக்கிறது. அதைக் கழற்றி வெளியே வைத்து, மேலேயும் முன்னாலேயும் போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். கடையில் அந்தப் படமே பாதி வேலையை முடித்துவிடும்.

அதில் மூன்று விஷயங்கள் தேவை. வோல்ட் 12ஆக இருக்கும். அம்பியர் அவர் என்பது அது எவ்வளவு மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் என்பதைச் சொல்வது. கிக்கர் மட்டும் உள்ள சிறிய பைக்குகளில் அது இரண்டரை, மூன்று என்று இருக்கும். செல்ப் உள்ளவற்றில் நான்கு, ஐந்து தொடங்கி ஒன்பது வரை போகும். பைக்கோடு வந்த புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் குறைய வேண்டாம். விலை குறைவு என்று 5 வேண்டிய இடத்தில் 3 போட்டால் செல்ப் அடிக்கும்போதெல்லாம் அது திணறும், சீக்கிரம் போய்விடும்.

மூன்றாவது, உடம்பின் அளவு. ரூலர் எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் எழுதுங்கள். எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம்: சீல் பண்ணிய வகையில் வைடிஎக்ஸ்4எல், வைடிஎக்ஸ்5எல், வைடிஎக்ஸ்7எல் என்று மூன்று மாடல்கள் இருக்கின்றன. மூன்றுமே 114 மில்லிமீட்டர் நீளம், 71 அகலம். மேலேயிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உயரம் மட்டும் முறையே 86, 106, 131. நடுவில் உள்ளதுக்குப் பதில் பெரியதை வாங்கி வந்தால் 25 மில்லிமீட்டர் மேலே நின்று சீட்டோ மூடியோ பூட்டாது. சின்னதை வாங்கினால் பெட்டிக்குள் ஆடிக் கொண்டிருக்கும்.

பிளஸ் எந்தப் பக்கம் என்பதையும் பாருங்கள். முனைகள் உங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்து, பிளஸ் வலமா இடமா என்று குறித்துக் கொள்ளுங்கள். மாறியிருந்தால் வயர் எட்டாது. எட்ட வைக்கிறேன் என்று இழுத்து மாற்றிப் பூட்டினால் ஃபியூஸோடு ரெக்டிபயரும் போகலாம்.

தண்ணீர் ஊற்றும் வகையா, சீல் பண்ணியதா?

பழைய வகையில் மேலே ஆறு சின்ன மூடிகள் இருக்கும், உள்ளே அசிட் தண்ணீர் தெரியும். விலை குறைவு. ஆனால் மாதம் ஒரு தடவையாவது மட்டத்தைப் பார்த்து, குறைந்தால் பெட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) மட்டும் ஊற்ற வேண்டும். பீலித் தண்ணீர் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அதில் கனிமம் இருக்கிறது, தகட்டைக் கெடுக்கும். அசிட்டும் ஊற்றக் கூடாது. சீல் பண்ணிய வகையில் அசிட் கண்ணாடி நார்ப் பஞ்சுக்குள் உறிஞ்சப்பட்டு இருக்கும். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, குலுக்கலையும் நன்றாகத் தாங்கும். விலை கொஞ்சம் கூடும்.

என் கருத்து இதுதான். தார் ரோட்டிலிருந்து லயத்துக்குப் போகும் பாதை கல்லும் குழியுமாக இருந்தால், செல்ப் உள்ள பைக்காக இருந்தால், சீல் பண்ணியதையே வாங்குங்கள். பெட்ரோல் இன்ஜெக்ஷன் உள்ள புதிய பைக்குக்கும் அதுதான் நல்லது. ஏனென்றால் பெட்டரி முழுதாகச் செத்தால் அதில் பல பைக்குகள் கிக்கரில்கூட ஸ்டார்ட் ஆகாது. கார்புரேட்டர் வைத்த பழைய பைக், பெரும்பாலும் கிக்கர்தான், தண்ணீர் பார்க்கவும் பொறுமை இருக்கிறது என்றால் பழைய வகையே போதும். அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. லித்தியம் பெட்டரி எடை குறைவு, ஆனால் விலை கூட. கடுங்குளிரில் முதல் ஸ்டார்ட்டுக்கு அதுவும் மந்தம்தான். செலவைக் குறைக்க நினைப்பவருக்கு அது வேண்டாம்.

கடையில் என்ன கேட்க வேண்டும்

எந்தப் பெயர் நல்லது என்று கேட்பதைவிட எப்போது தயாரித்தது என்று கேளுங்கள். ஈய பெட்டரி தட்டில் சும்மா இருந்தாலும் மெல்ல மெல்ல இறங்கிக் கொண்டே இருக்கும். இறங்கிய நிலையில் பல மாதம் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது. சிறிய சந்திக் கடைகளில் பைக் பெட்டரி மெதுவாகத்தான் விற்கும். ஆகவே பெட்டரியைத் திருப்பி, பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மாதத்தையும் ஆண்டையும் பாருங்கள். அசிட் ஊற்றித் தயாராக வைத்த பெட்டரி ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் வேறு கேளுங்கள். கையில் மீட்டர் இருந்தால் அங்கேயே அளந்து பார்க்கலாம். 12.5க்குக் கீழே காட்டும் புதுப் பெட்டரியை நான் வாங்கமாட்டேன். அசிட்டைத் தனிப் பொதியில் வைத்து, வாங்கும்போதுதான் ஊற்றித் தரும் வகை நீண்ட நாள் கெடாது. கிடைத்தால் அதுவே பாதுகாப்பானது.

விலையை மட்டும் பார்க்காமல் வாரண்டி மாதத்தால் பிரித்துப் பாருங்கள். கணக்குக்காக வைத்துக் கொள்வோம்: ஒன்று 6,000 ரூபா, ஆறு மாத வாரண்டி. இன்னொன்று 9,000 ரூபா, பன்னிரண்டு மாதம். முதலாவது மாதத்துக்கு 1,000 ரூபா, இரண்டாவது 750. மலிவாகத் தெரிந்ததுதான் இங்கே விலை கூடியது. வாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்க வேண்டும், பில்லிலும் பெட்டரி இலக்கம் எழுதியிருக்க வேண்டும். பழுதானால் எங்கே கொண்டுவர வேண்டும் என்றும் கேளுங்கள். கொழும்பிலிருந்து கொஞ்சம் குறைந்த விலைக்கு வரவழைத்து, மஸ்கெலியாவிலிருந்து அதைத் திருப்பிக் கொண்டுபோக ஒரு நாள் வேலையை விடுவதில் இலாபம் இல்லை. வாரண்டி இருந்தும் கடைக்காரர் கையை விரித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். பில் இல்லாமல் அது கடினம்.

பழைய பெட்டரியைக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள். உள்ளே இருக்கும் ஈயத்துக்கு விலை இருக்கிறது, அதனால் தயங்காமல் கேளுங்கள். அதை வீட்டில் உடைக்கவோ அசிட்டை வாய்க்காலில் ஊற்றவோ கூடாது. கீழே உள்ள லயத்துக்காரர் குடிக்கும் தண்ணீரில் அது போய்ச் சேரும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு.

‘ரீகண்டிஷன்’ செய்த, அதாவது பழையதைத் திருத்தி விற்கிற பெட்டரி வேண்டவே வேண்டாம்.

மாட்டுமுன் சார்ஜ்

அசிட் ஊற்றியவுடன் பூட்டிக் கொண்டு போகும் அவசரம்தான் புதுப் பெட்டரிக்கு முதல் கெடுதல். ஊற்றிய பிறகு குறைந்தது அரை மணி நேரம் ஊற விட வேண்டும். அப்புறம் அம்பியர் அவரில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தில் மெதுவாகச் சார்ஜ் செய்ய வேண்டும். 5 என்றால் அரை அம்பியர். லொறிப் பெட்டரிக்கு வைத்திருக்கும் பெரிய சார்ஜரில் சேர்த்து மாட்டினால் சின்னப் பெட்டரி சூடாகிக் கெட்டுவிடும். ஆகவே ‘அரை அம்பியரில் போடுங்கள், சாயங்காலம் வந்து எடுக்கிறேன்’ என்று சொல்லிவிட்டு டவுனில் மற்ற வேலைகளை முடியுங்கள். சார்ஜ் ஆகும்போது எரியும் வாயு வெளியாகும், பக்கத்தில் பீடி, நெருப்பு கூடாது. அசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

பூட்டும் முறை

கழற்றும்போது மைனஸ் முதலில், பூட்டும்போது பிளஸ் முதலில். முறை மாறி, ஸ்பேனர் பிளஸ்ஸிலும் பைக்கின் இரும்பிலும் ஒரே நேரத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். பூட்டிய பிறகு முனைகளில் கொஞ்சம் வாசலின் தடவினால் மூடுபனி ஈரத்தில் சீக்கிரம் பூக்காது. பெட்டரிக்கும் பெட்டிக்கும் இடையில் இடைவெளி இருந்தால் பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி மடித்துச் சொருகுங்கள். நம் ரோட்டுக்கு இது மிக முக்கியம். தண்ணீர் ஊற்றும் வகையில் பக்கத்தில் ஒரு சின்ன ரப்பர் குழாய் வரும். அதை மடங்காமல், செயினுக்கும் சைலன்சருக்கும் விலகிக் கீழே போகும்படி விடுங்கள். குழாயைப் போடாமல் விட்டால் அசிட் ஆவி பைக்கின் இரும்பை அரித்துவிடும். எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓட விட்டு, மேலே சொன்ன மூன்றாவது அளவை இன்னொரு தடவை எடுங்கள்.

அதற்கப்புறம்

பெட்ரோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஓனில் வைத்து உருட்டி வருகிற பழக்கத்தை விடுங்கள். இறக்கத்தில் கியரின் பிடி இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்புவதே ஆபத்து. பெட்டரிக்கும் அது அடி. பெட்டரியில் எரியும் 35 வோட் ஹெட்லைட் கிட்டத்தட்ட 3 அம்பியர் இழுக்கும், பிரேக் லைட் ஒன்றரைக்கு மேல். நான்கு அம்பியர் அவர் பெட்டரி அதை எத்தனை வளைவுக்குத் தாங்கும்?

2022இல் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து, கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையில் பைக்குக்கு வாரம் 4 லீட்டர் என்று இருந்தபோது, பல வாரங்கள் நின்ற பைக்குகளில் பெட்டரிகள் செத்துப் போயின. ஊருக்குப் போவதாலோ வேறு காரணத்தாலோ பைக் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் என்றால் மைனஸ் வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் ஸ்டார்ட் பண்ணுமுன் ஒரு தடவை அளந்து பாருங்கள், 12.4க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போடுங்கள்.